தணல்மேல் சாம்பல்: காசநோயை உடம்பு எப்படி அடக்கி வைக்கிறது?

விறகு அடுப்பு எரிந்த வீடுகளில் ராத்திரிச் சமையல் முடிந்ததும் தணலைத் தண்ணீர் ஊற்றி அணைக்க மாட்டார்கள். ஓரமாக ஒதுக்கிச் சாம்பலால் மூடுவார்கள். காற்று அதிகம் புகாததால் கங்கு எரியாது, அணையவும் செய்யாது. விடிந்ததும் சாம்பலைத் தள்ளிவிட்டு, காய்ந்த ஓலையை வைத்து ஊதினால் குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

காசநோய்க் கிருமியை உடம்பு கையாள்வதும் இப்படித்தான். இருமுகிறவரிடமிருந்து காற்றில் வரும் கிருமி, நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை போய்விடுகிறது. அங்கிருக்கும் விழுங்கணுக்கள் அதை விழுங்கினாலும் பல சமயம் கொல்ல முடிவதில்லை. மேலும் பல அணுக்கள் வந்து சுற்றி அடுக்கி, கடுகளவு முடிச்சுக்குள் அதை அடைத்துவிடுகின்றன. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, பிறருக்குப் பரவுவதும் இல்லை. கிருமி தொற்றிய 100 பேரில் 90 பேருக்கு மேல் ஆயுள் முழுக்க இப்படியே கழிந்துவிடும்.

ஆனால் இந்தச் சாம்பல் ஒரு தடவை போட்டால் போதும் என்று இருக்காது. முடிச்சில் உள்ள அணுக்கள் செத்துக்கொண்டே இருக்கும். புதியவை வந்து சேர வேண்டும். அவற்றைச் செய்யப் புரதம் வேண்டும். சாப்பாடு குறைந்தால் மூடாக்கு மெலிகிறது.

இந்த நோயை ஊசியால் தடுக்க முடியுமா என்று பார்க்க, நம் சாலவாக்கம் ஊர் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் 1968-இல் உலகின் மிகப்பெரிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காப்பாற்றுகிறது. அதனால் பிறந்ததும் போட்டே ஆக வேண்டும். பெரியவர்களுக்கு எது உதவும் என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

ஒரு நல்ல பதில் 2023-இல் வந்தது. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பார்கவா தம்பதி மருத்துவர்களும் ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் செய்த ஆய்வு அது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த பெரியவர்களுக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய வகை, கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது.

ஒன்றரைக் கிலோவை 30 நாளுக்குப் பிரித்தால் 50 கிராம். ஒரு கைப்பிடிப் பருப்பு. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் 6 கிலோ ஆகிறது. நம் ரேஷன் கடையில் கார்டுக்குக் கிடைப்பதோ 1 கிலோ. மீதியைத் தட்டப்பயறு, வேர்க்கடலை, முட்டை, கருவாடு என்று எப்படியாவது ஈடுகட்ட வேண்டும். எதிர்ப்பு சக்திக்கு என்று விற்கிற பொடி டப்பாவுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுங்கள். வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காரும் பெண்ணின் தட்டுக்கும் அந்தக் கைப்பிடி வர வேண்டும். சாம்பார்ச் சட்டியில் தெளிவு மட்டும் மிஞ்சினால் கணக்கு தவறிவிடும்.

சாலவாக்கத்தைச் சுற்றிக் கல்குவாரிகளும் கிரஷர்களும் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கல் உடைபடும்போது பறக்கும் சிலிக்கா நுண்தூளை விழுங்கும் அணுக்கள் அதைச் செரிக்க முடியாமல் செத்துப்போகின்றன. சாம்பலாக நிற்க வேண்டியவையே அழிகின்றன. முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூளைத் தடுக்காது. துளையிடும் இடத்திலும் உடைக்கும் இடத்திலும் தண்ணீர் பாய்ச்சித் தூசியை அடக்குவதும், சரியான முகக்கவசம் தருவதும் குவாரி நடத்துகிறவர் செய்ய வேண்டிய வேலை. அதைக் கேட்டு வாங்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு.

பீடியும் குடியும் கட்டுப்படாத சர்க்கரையும்கூட இந்தச் சாம்பலை மெலியச் செய்கின்றன. சர்க்கரை நோய் இருந்தால் காசநோய் அபாயம் இரண்டு மூன்று மடங்கு.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, சாயங்காலக் காய்ச்சலோடு எடை இறங்கினாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்; அது இலவசம். நோய் உறுதியானால் மாத்திரையும் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். கூட இருப்பவர்களையும் அன்றே அழைத்துப் போங்கள். கங்கு உள்ளே இருக்கும்போதே தடுக்கும் மாத்திரை அவர்களுக்கும் உண்டு.