எண்ணும் எடையும்

நுழையும்முன்

ஆய்வாளர் ஒருவரின் உழைப்பை எதைக்கொண்டு அளப்பது? அவர் எழுதிய கட்டுரைகளின் தொகை கொண்டா, அவற்றைப் பிறர் எடுத்தாண்ட தொகை கொண்டா? கொல்கத்தாவில் வாழ்ந்த மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் வரலாறு இவ்வினாவை ஆழ்ந்து எண்ணத் தூண்டுகிறது.

மேற்கோள் என்னும் அளவுகோல்

முன்னோர் கண்டதன்மேல் பின்னோர் எழுப்பும் கட்டடமே அறிவியல். ஆய்வுக் கட்டுரை எழுதுவோர், தமக்கு அடிப்படையாக அமைந்த முந்தைய கட்டுரைகளைச் சுட்டுவது மரபு. இதனை மேற்கோள் என்பர். எக்கட்டுரையை எவரெவர் சுட்டினர் எனத் தொகுத்துக் காட்டும் அறிவியல் மேற்கோள் அட்டவணையை அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1964ஆம் ஆண்டு வெளியிட்டார். 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ், எச்-குறியீடு என்னும் அளவையை முன்மொழிந்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறையோ அதற்கு மேலோ சுட்டப்பட்டு, ஏனையவை பத்து முறைக்கு மிகாமல் சுட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-குறியீடு பத்து ஆகும்.

முயலின் குடலில் கிடைத்த விடை

காலரா நோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை 1884இல் கொல்கத்தாவில் ஆராய்ந்த இராபர்ட் காக், அது ஒரு நஞ்சினைச் சுரக்கக்கூடும் எனக் கருதினார். அந்நஞ்சினை மெய்ப்பிக்க முக்கால் நூற்றாண்டு தேவைப்பட்டது. அதனைச் செய்தவர், ஹூக்ளி மாவட்டத்தில் 1915இல் பிறந்த சம்பு நாத் தே. இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிய அவர், எளிய வசதிகளுடன் ஆய்வைத் தொடர்ந்தார்.

காலரா நோயாளியின் உடலிலிருந்து நீர் பெருமளவில் குடல்வழியே வெளியேறுகிறது. எனவே, நோயின் மூலத்தைக் குருதியிலன்றிக் குடலிலேயே தேடவேண்டும் என அவர் உணர்ந்தார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதனுள் காலரா நுண்ணுயிரிகளைச் செலுத்தினார். அப்பகுதியில் நீர் நிறைந்தது. 1953இல் இம்முறை வெளியாயிற்று. பின்னர், நுண்ணுயிரிகள் வளர்ந்த நீர்மத்தை வடிகட்டி, நுண்ணுயிரியே இல்லாத வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடலில் நீர் நிறைந்தது. நோயை விளைவிப்பது நுண்ணுயிரி சுரக்கும் நஞ்சே என்பது இதனால் உறுதியாயிற்று. இம்முடிவு 1959இல் நேச்சர் ஆய்விதழில் சிறு கட்டுரையாக வெளிவந்தது.

காலந்தாழ்ந்த ஏற்பு

அக்கட்டுரை தொடக்கத்தில் உரிய கவனம் பெறவில்லை. அந்நஞ்சு 1969இல் அமெரிக்க ஆய்வாளர்களால் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. காலரா நஞ்சினைப் பற்றிய ஆய்வுகள் பெருகப் பெருக, அவற்றின் வேர் எங்குள்ளது என்பதும் புலப்பட்டது. பணி ஓய்வு பெற்றிருந்த தே, 1978இல் நோபல் அறக்கட்டளையின் காலரா கருத்தரங்கிற்கு அழைக்கப்பட்டார். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், அப்பரிசுக்கு இவர் பெயரைப் பரிந்துரைத்தார். ஆயினும், தாயகத்தின் பெரும் விருது எதுவும் அவரை வந்தடையவில்லை. 1985இல் அவர் மறைந்தார். மறு ஆண்டில் கார்ஃபீல்டு, காலரா ஆய்வுகளின் மேற்கோள்களை ஆராய்ந்து, தேயின் பங்களிப்பை உலகறிய எடுத்துரைத்தார். 1990இல் கரண்ட் சயின்ஸ் இதழ் அவர் நினைவாகச் சிறப்பிதழ் வெளியிட்டது.

எண் உணர்த்துவதும் உணர்த்தாததும்

மேற்கோள் தொகையை முற்றிலும் புறந்தள்ள இயலாது. மறக்கப்பட்ட ஒருவரை அடையாளம் காட்டியதும் அதுவே. எனினும், அது காலந்தாழ்த்திப் பேசும் சான்று. ஒரே கட்டுரை ஆயிரம் முறை சுட்டப்பட்டாலும், அதனை மட்டும் எழுதியவரின் எச்-குறியீடு ஒன்றுதான். ஒரு கட்டுரை மறுக்கப்படுவதற்காகச் சுட்டப்பட்டாலும் அது மேற்கோளாகவே கணக்கிடப்படும். ஆய்வாளர் பலர் பணிபுரியும் துறையில் மேற்கோள்கள் விரைந்து பெருகும். சிலரே பணிபுரியும் துறையில் அவ்வாறு பெருகுவதில்லை. ஆகவே, பணி வழங்கவும் பரிசளிக்கவும் எண்ணை மட்டும் நோக்குவோர், கண்முன் உள்ள தகுதியைக் காணத் தவறக்கூடும்.

தே, எண்ணிக்கைக்காக ஆய்வு செய்யவில்லை; ஊரை அழித்த நோயின் காரணத்தைத் தேடினார். ஓர் ஆய்வு எத்தனை முறை சுட்டப்பட்டது என்பதோடு, அது எவ்வினாவிற்கு விடை தந்தது என்பதையும் படித்தறிந்து மதிப்பிடுவதே அறிவுடைமை. அம்மதிப்பு, உழைத்தவர் வாழும் காலத்திலேயே அவரைச் சென்றடைய வேண்டும்.