பாகம் பிரிக்க முடியாத சொத்து

பாட்டும் ஒரு குடும்பச் சொத்தே என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர் வாசிகளுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தந்தை பெரியாழ்வாரும் மகள் ஆண்டாளும் பாடிய ஊர் அது. அப்பகுதிக்கு அண்மையிலுள்ள எட்டயபுரமோ வயலின் சரித்திரத்தில் அழியாத இடம் பெற்ற ஸமஸ்தானம். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் இளைய சகோதரரான பாலுஸ்வாமி தீக்ஷிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் அவ்வாத்தியத்தைக் கற்று, நமது ராகங்களை அதில் இசைத்தார். பின்னர் எட்டயபுரம் அரண்மனை வித்வானாக விளங்கினார். அந்நியக் கருவியை நம்மவர் தமதாக்கிக்கொண்ட விதம் இதுவே.

ஆயினும் அக்கருவிக்கு நாம் நெடுங்காலம் அளித்த ஆசனம் பாடகரின் பக்கத்திலேதான். அதற்குத் தனி ஆசனம் வேண்டுமென்று உழைத்தவர்களில் ஒருவர் வி. லக்ஷ்மிநாராயணர். அவர் யாழ்ப்பாணத்தில் சங்கீத ஆசிரியராயிருந்தார். மனைவி ஸீதாலக்ஷ்மியும் இசையில் வல்லவர். 1958ஆம் வருஷக் கலவரத்துக்குப் பின் குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பிற்று. ஊரை விட்டு வந்தார்கள். வித்தையை விட்டு வரவில்லை. புதல்வர்கள் வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் ஆகிய மூவரும் தந்தையிடமே பயின்று, மூன்று வயலின்களோடு ஒரே மேடையில் அமர்ந்தனர்; சேர்ந்து ஒலிப்பதிவும் செய்தனர்.

ஐரோப்பாவில் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என நால்வர் ஓர் அறையில் கூடி, அவரவர்க்கு எழுதிய பகுதியை வாசிப்பது வழக்கம். நம் சகோதரர் மூவருக்கோ எழுதிய தாள் இல்லை. ஒருவர் ராகத்தை நிறுத்திய இடத்தில் மற்றவர் தொடங்க வேண்டும். தம்பியின் கல்பனாஸ்வரத்துக்குத் தமையன் அக்கணமே மறுமொழி கூற வேண்டும். ஒரே வீட்டில், ஒரே குருவின் கண்டிப்பில் வளர்ந்தவர்களுக்கன்றோ இப்பழக்கம் இயல்பாக வரும்!

பின்னர் ஒவ்வொருவரும் தத்தம் வழியே சென்றனர். சங்கர் ஜான் மெக்லாலினுடன் ‘சக்தி’ குழுவில் சேர்ந்தார். வைத்தியநாதன் ‘ஏழாவது மனிதன்’ முதலிய படங்களுக்கு இசையமைத்தார். சுப்பிரமணியம் 1985இல் நியூயார்க் பில்ஹார்மானிக் குழுவுடன் தமது படைப்பை வாசித்தார். 1990இல் தந்தை மறைந்தார். 2007இல் வைத்தியநாதனும் மறைந்தார். அம்மூவரை இனி ஒரு மேடையில் யார் அமர்த்த வல்லார்? ஒலிப்பதிவு ஒன்றே நமக்கு எஞ்சிய சாட்சி.

நிலத்துக்கும் நகைக்கும் சகோதரர்கள் நீதிமன்றப் படியேறுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். தகப்பனாரின் வித்தையில் பங்கு கேட்டு வழக்குத் தொடுத்தவரை இதுவரை கண்டதில்லை. அதனாலேயே அச்சொத்து கேட்பாரற்றுப் போகிறது.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீணையோ வயலினோ உறைக்குள் உறங்கும் வீடுகள் உண்டு. அவ்வீட்டாருக்கு நமது விண்ணப்பம் இது: பாட்டியும் மகனும் பேத்தியும் ஒரு மாலை சுருதி சேர்த்து அமருங்கள். ஒரு கிருதியேனும் சேர்ந்து வாசியுங்கள். இக்காலத்தில் சட்டைப்பையிலுள்ள கைபேசியே அதைப் பதிந்து வைக்கும். ராகம், வாசித்தவர் பெயர், தேதி ஆகியவற்றையும் எழுதி வையுங்கள். வாசிப்பில் பிழை இருந்தால் இருக்கட்டும். அதற்காக நாணி ஒத்திப்போடாதீர்கள். பெரியவரின் விரல் ஓய்ந்த பின்பு எத்தனை பொருள் கொடுத்தாலும் அந்த நாதம் மீளாது.