வீட்டு அறையும் தாழ்ந்த ஒலியும்: சப்வூஃபரை அமைக்கும் முறை

சென்னையில் மயிலாப்பூருக்குத் தெற்கே, அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டி அமைந்துள்ளது ராஜா அண்ணாமலைபுரம். தமிழிசை இயக்கத்துக்குத் துணை நின்ற ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் பெயரைத் தாங்கிய பகுதி இது. இன்று இங்கே தனி வீடுகள் குறைந்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிவிட்டன. அவற்றின் கூடங்கள் பலவற்றில், தொலைக்காட்சிக்கு அருகே கரிய பெட்டி ஒன்று தரையில் அமர்ந்திருக்கும். அதுவே சப்வூஃபர் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கான ஒலிபெருக்கி.

அதை வாங்கியவர், "கடையில் நன்றாக இருந்தது, வீட்டில் முழங்குகிறது" என்பார். கீழ் வீட்டுக்காரரோ, "இரவில் உறங்க முடியவில்லை" என்பார். இரு குறைகளுக்கும் காரணம் பெரும்பாலும் பெட்டி அன்று. அறையும், அதில் ஒலி அலைகள் நடந்துகொள்ளும் விதமுமே.

தனிப் பெட்டி எதற்கு?

மனிதச் செவி ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களைக் கேட்க வல்லது. நம் ஊர் வெப்பநிலையாகிய 30 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 35 சென்டிமீட்டர். 80 ஹெர்ட்ஸுக்கு 4.4 மீட்டர், 20 ஹெர்ட்ஸுக்கோ 17 மீட்டருக்கும் மேல்.

அதிர்வெண் பாதியாகக் குறையும்போது, அதே வலிமையுள்ள ஒலியை எழுப்ப ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். சிறு ஒலிபெருக்கிக்கு இது இயலாது. எனவேதான் அகன்ற, கனமான கூம்பு தேவைப்படுகிறது. கனம் கூடினால் இயல்பு அதிர்வெண் குறையும் என்பது நம் மிருதங்க வித்துவான்கள் நன்கறிந்த உண்மை. தொப்பி என்னும் இடப்பக்கத் தோலின் நடுவில் ரவையைப் பிசைந்து ஒட்டித்தான் அவர்கள் அதன் நாதத்தைத் தாழ்த்துகிறார்கள். வலப்பக்கத்தின் கரிய சாந்து, மேற்சுரங்களை ஒழுங்கான விகிதத்தில் அமையச் செய்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. ராமன் இதனை ஆராய்ந்து 1920லும் 1934லும் கட்டுரைகள் வெளியிட்டார்.

அறைக்கும் சுருதி உண்டு

எதிரெதிரான இரு சுவர்களுக்கு இடையே ஒலி மீண்டும் மீண்டும் எதிரொலிக்கிறது. சுவர்களின் இடைவெளி அரை அலைநீளத்துக்குச் சமமாகும்போது நிலை அலை தோன்றி ஒத்ததிர்வு ஏற்படுகிறது. அந்த அதிர்வெண்ணைக் காண, ஒலியின் வேகத்தை இடைவெளியின் இரு மடங்கால் வகுக்க வேண்டும்.

18 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். நீளவாட்டில் 32 ஹெர்ட்ஸ், அகலவாட்டில் 48 ஹெர்ட்ஸ், உயரவாட்டில் 57 ஹெர்ட்ஸ் எனக் கணக்கு வருகிறது. நீளவாட்டின் இரண்டாம் நிலை 64 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடியாக உள்ள அறையிலோ மூன்று ஒத்ததிர்வுகளும் 57 ஹெர்ட்ஸில் ஒன்றுகூடும். அத்தகைய அறையில் ஒரே சுரம் மட்டும் ஓங்கி முழங்குவதில் வியப்பில்லை.

நிலை அலையில் காற்றழுத்தத்தின் மாறுதல் சுவர் ஓரத்தில் மிகுதியாகவும், கணுக்களில் மிகக் குறைவாகவும் இருக்கும். முதல் நிலைக்குக் கணு அறையின் நடுவில் அமையும்; இரண்டாம் நிலைக்கு நீளத்தின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் அமையும். இதன் விளைவை ஒரு கச்சேரிப் பதிவில் காணலாம். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் தம்பூராவில் மந்தர சட்ஜத் தந்தியின் அதிர்வெண் 65 ஹெர்ட்ஸ். இது நம் கூடத்தின் 64 ஹெர்ட்ஸுக்கு மிக அருகில் உள்ளது. அந்தத் தந்தியின் அடிப்படைச் சுரம் பின்சுவரை ஒட்டி அமர்ந்தவருக்கு மிகையாகக் கேட்கும். பின்சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி அமர்ந்தவருக்குப் பெரிதும் மறைந்துவிடும். பதிவு ஒன்றுதான், பெட்டியும் ஒன்றுதான். நாற்காலியின் இடம் மட்டுமே வேறு.

இடம் தேர்தல்

மூலையில் வைத்தால் எல்லா ஒத்ததிர்வுகளும் மிகுதியாகத் தூண்டப்படும். ஒலி பெருகும், ஆனால் சீராக இராது. நல்ல இடத்தைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றினாலும் விளைவு மாறாது என்பது ஒலியியலின் பரிமாற்றத் தத்துவம். எனவே நீங்கள் வழக்கமாக அமரும் இடத்தில் சப்வூஃபரை வையுங்கள். தாழ்ந்த சுரங்கள் பல மாறி மாறி வரும் ஒரு பதிவை ஒலிக்கச் செய்யுங்கள். பிறகு பெட்டியை வைக்கக்கூடிய இடங்களிலெல்லாம் தரையோடு குனிந்து கேளுங்கள். எங்கே எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாகக் கேட்கின்றனவோ அங்கே பெட்டியை வைத்துவிடலாம்.

பெட்டி எங்கிருந்தாலும் ஒலி அங்கிருந்து வருவதாகத் தோன்றாதா எனச் சிலர் ஐயுறலாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலைநீளம் நம் தலையின் அகலத்தைப் போல் பல மடங்கு பெரிது. இரு செவிகளையும் அலை ஏறக்குறைய ஒரே நிலையில் எட்டுவதால், மூடிய அறையில் திசையை உணர்வது மிகவும் கடினம்.

பிற ஒலிபெருக்கிகளோடு இணைத்தல்

எந்த அதிர்வெண்ணுக்குக் கீழ் சப்வூஃபரும், மேல் மற்ற ஒலிபெருக்கிகளும் இயங்க வேண்டும் என்பதைக் கிராஸ்ஓவர் என்னும் வடிகட்டி தீர்மானிக்கிறது. பெரும்பாலான வீடுகளுக்கு 80 ஹெர்ட்ஸ் பொருத்தமானது.

இந்த எல்லையில் இரு பெட்டிகளும் சேர்ந்தே ஒலிக்கும். 80 ஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 2.2 மீட்டர். சப்வூஃபர் மற்றவற்றைவிட அவ்வளவு தூரம் தள்ளியிருந்தால், ஒன்றின் முகடும் மற்றதன் அகடும் சேர்ந்து ஒலி நலிந்துவிடும். இதைச் சரிசெய்யவே பெட்டியின் பின்புறம் கட்டத்தை மாற்றும் திருகோ 0, 180 எனக் குறித்த விசையோ உள்ளது. 80 ஹெர்ட்ஸ் ஒலியை எல்லாப் பெட்டிகளிலும் எழுப்பி, ஒருவர் திருகைத் திருப்ப, மற்றொருவர் வழக்கமான இருக்கையில் அமர்ந்து கேட்க வேண்டும். ஒலி மிகுதியாகக் கேட்கும் நிலையே சரியான நிலை. இக்காலத்துக் கருவிகள் ஒலிவாங்கி கொண்டு இதைத் தாமே அளக்கின்றன. அவை காட்டும் சப்வூஃபர் தூரம், நாடா வைத்து அளந்ததைவிடக் கூடுதலாக இருந்தால் திகைக்க வேண்டாம். வடிகட்டியில் ஏற்படும் காலத் தாமதத்தையும் கருவி தூரமாகவே கணக்கிடுகிறது.

ஒலியின் அளவைக் கடைசியாகவே வைக்க வேண்டும். பெட்டியை அணைத்தால் குறை தெரிய வேண்டும். இயங்கும்போது அது தனித்துத் தெரியலாகாது.

கீழ் வீட்டுக்காரரின் உறக்கம்

1933ஆம் ஆண்டில் பிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க அறிஞர்கள், செவியின் உணர்திறன் அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறுவதை அளந்து காட்டினர். பின்னர் திருத்தப்பட்ட அளவீடுகளின்படி, 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல்லாக உள்ள ஒலிக்குச் சமமாகக் கேட்க, 50 ஹெர்ட்ஸ் ஒலி ஏறக்குறைய 78 டெசிபெல்லாக இருக்க வேண்டும். தாழ்ந்த ஒலி செவிக்கு எட்டுவது கடினம். எட்டிய பின்னரோ, சிறிது கூட்டினாலே பெரிதாகத் தோன்றும்.

சுவர்களுக்கும் ஒரு விதி உண்டு. அதிர்வெண் பாதியாகும்போது சுவர் தடுக்கும் ஒலி சுமார் 6 டெசிபெல் குறைகிறது. பாடகரின் குரலைத் தடுக்கும் நாலரை அங்குலச் சுவர், தொப்பியின் முழக்கத்தை விட்டுவிடுவது இதனால்தான்.

இந்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என வரையறுக்கின்றன. இவை 'ஏ' என்னும் அளவுகோலின்படியானவை. அந்த அளவுகோல் 50 ஹெர்ட்ஸ் ஒலியில் 30 டெசிபெல்லைக் கழித்துவிடும். ஆகவே கீழ் வீட்டுப் படுக்கையறையில் 50 ஹெர்ட்ஸ் ஒலி 70 டெசிபெல் இருந்தாலும் கருவி 40 என்றே காட்டும். ஆனால் 50 ஹெர்ட்ஸில் 44 டெசிபெல்லையே செவி கேட்கத் தொடங்கிவிடும். கருவி குறைவாகக் காட்டுகிறது என்பதற்காக, உறக்கம் கெட்டது என்பவர் பொய் சொல்வதாக நினைக்கலாகாது.

இதற்குச் செய்யக்கூடியவை சில. பெட்டியைப் படுக்கையறையோடு பகிரும் பொதுச் சுவரிலிருந்து விலக்கி வையுங்கள். தரைக்கும் பெட்டிக்கும் இடையே, பெட்டியின் கனத்தால் நன்கு அமுங்கும் மெத்தை ஒன்றை இடுங்கள். அமுங்காத கெட்டி ரப்பர் தாழ்ந்த அதிர்வுகளைத் தடுப்பதில்லை. ஆனால் மெத்தை தடுப்பது தரைவழி அதிர்வை மட்டுமே. காற்றில் செல்லும் ஒலியை அன்று. அதற்கு, இரவு 10 மணிக்குப் பிறகு சப்வூஃபரை மட்டும் அணைத்துவிடலாம். இசை முற்றிலும் கெட்டுவிடாது. அடிப்படைச் சுரம் இல்லாவிடினும், அதன் மேற்சுரங்களைக் கொண்டே மூளை அச்சுருதியை உணர்ந்துகொள்ளும். கையடக்க வானொலியில் தம்பூராவின் சுருதியை நாம் இனங்காண்பது இவ்வாறே.

முதல் வேலையாக, உங்கள் அறையின் நீள, அகல, உயரங்களை நாடாவால் அளந்து, மேற்கண்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு கீழ் வீட்டுக்குச் சென்று, நண்பர் ஒருவரை மேலே இசைக்கச் சொல்லி, அங்கே எவ்வளவு கேட்கிறது என்று நீங்களே கேட்டறியுங்கள்.