கண்டி நகரின் விளிம்பில் ஒரு காடு

கண்டிக்குச் செல்வோர் தலதா மாளிகையையும் வாவியையும் கண்டு திரும்புவது வழக்கம். மாளிகைக்குப் பின்னே உயரும் குன்றில் ஏறிப் பார்ப்போர் சிலரே. கடைவீதியிலிருந்து அரைமணி நடைக்குள், ஏறக்குறைய 257 ஏக்கர் பரப்பில் அங்கே ஒரு காடு இருக்கின்றது. உடவத்தகலே என்பது அதன் பெயர்; மேல்தோட்டத்துக் காடு என்பது பொருள்.

கண்டி மன்னர் காலத்தில் அது அரண்மனைக்குரிய சோலை. குடிமக்கள் நுழைதல் ஆகாது. 1815-இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1856-இல் ஒதுக்கக் காடாகவும், 1938-இல் சரணாலயமாகவும் அது அறிவிக்கப்பட்டது. அன்று அரச குடும்பத்தார்க்கே உரியதாயிருந்த நிழலில் இன்று நுழைவுச்சீட்டுப் பெற்ற எவரும் நடக்கலாம்.

ஆளுநர் ஹார்ட்டனின் துணைவியார் பெயரைத் தாங்கிய பாதையில் நாம் செல்கையில், நகரின் இரைச்சல் மெல்ல அடங்குகின்றது. குரங்குகள் கிளைவிட்டுக் கிளை தாவுகின்றன. மலைப்பாம்பென முறுக்கிய பெருங்கொடி ஒன்று மரங்களைப் பற்றி ஏறுகின்றது. மழைக்காலமாயின் அட்டைகள் உண்டு. பிள்ளைகளுக்கு நீண்ட காலுறை அணிவித்தல் நலம்.

ஆனால், கோடரி படாத இடத்திலும் காடு அழியக்கூடும் என்பதை இங்கே காண்கின்றோம். நம் இல்லங்களில் புட்டி நீரில் வளர்க்கும் மணி பிளாண்ட், இக்காட்டில் தரையை மூடி, மரங்களின்மேல் பேரிலைகளுடன் படர்ந்திருக்கின்றது. பசிபிக் தீவொன்றே அதன் தாயகம். கணுவுள்ள சிறு துண்டு ஈரமண்ணில் விழுந்தால் போதும், வேர்விடும்.

அமெரிக்க நாடுகளிலிருந்து கொணரப்பட்ட நறும்பிசின் மரம் மற்றொன்று. 16-ஆம் நூற்றாண்டில் அந்நாடுகளின் திருச்சபையில், கிறிஸ்மா தைலத்திற்கு அதன் பிசினைப் பயன்படுத்தத் திருத்தந்தை அனுமதித்தார். அத்தகு மேன்மையுடைய மரமே, சிறகுள்ள விதைகளைக் காற்றில் பரப்பி, இங்கே நாட்டு மரக்கன்றுகளுக்கு இடமில்லாது செய்கின்றது.

இவை தம்மளவில் தீயவை அல்ல. இடம் மாறியதே கேடு. வேண்டாத செடியைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறியும்போது, அது மடிந்துவிடும் என்று எண்ணுகின்றோம். அவ்வாறு எறியாது, வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே குப்பையில் சேர்ப்போம். நம் ஊர் எல்லையில் எஞ்சியுள்ள சிறு காட்டிற்கு, நம் முற்றத்திலிருந்தே செய்யக்கூடிய காவல் இது.