ஹெட் கோச் போனால் அசிஸ்டென்ட் என்ன ஆவார்? அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் ஒரு வேலையின் கதை

2023 ஜனவரியில் அமெரிக்காவின் வட கரோலைனா பல்கலைக்கழகம், தன் பெண்கள் ஹாக்கி அணியின் தலைமைப் பயிற்சியாளராக எரின் மேட்சனை அறிவித்தது. அப்போது அவருக்கு வயது 22. இரண்டு மாதம் முன்புவரை அதே அணியின் வீராங்கனை. அந்த ஆண்டு நவம்பரிலேயே பயிற்சியாளராகவும் தேசியப் பட்டம் வென்றுவிட்டார்.

கேட்கவே ஜோராக இருக்கிறது இல்லையா? ஆனால், இது விதிவிலக்கு. அங்கே பெரும்பாலானவர்கள் போகும் வழி வேறு. ஆடி முடித்ததும் உதவிப் பயிற்சியாளர் வேலை, அதன்பிறகு பல வருடக் காத்திருப்பு.

இது எந்த ஹாக்கி?

அமெரிக்காவில் வெறும் 'ஹாக்கி' என்றால் பனித்தரையில் ஆடுவது. நமக்குத் தெரிந்த ஹாக்கிக்கு அங்கே 'ஃபீல்ட் ஹாக்கி' என்று பெயர். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, இதில் பெண்களுக்கு மட்டுமே தேசியப் பட்டப் போட்டி நடத்துகிறது. முதல் போட்டி நடந்தது 1981-ல். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்த 1972-ம் ஆண்டின் 'டைட்டில் 9' சட்டம்தான் இப்படிப்பட்ட பெண்கள் அணிகள் வளரக் காரணம்.

உதவிப் பயிற்சியாளர் என்ன செய்வார்?

களத்தில் நிற்பது வேலையில் ஒரு பகுதிதான். எதிரணியின் வீடியோவைப் பார்த்து அலச வேண்டும். கோல்கீப்பர் பயிற்சி, பெனால்டி கார்னர் திட்டம் என்று ஏதாவது ஒரு பிரிவு அவர் தலையில் விழும். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரைதான் சீசன். ஆனால், வருடம் முழுக்க ஓடுவது ஆள் தேடும் வேலை. பத்தாம் வகுப்பு முடித்த மாணவிகளிடம் ஜூன் 15 முதல் பயிற்சியாளர்கள் நேரடியாகப் பேசலாம். அதற்குள் யார் யாரிடம் பேசுவது என்ற பட்டியல் கையில் தயாராக இருக்க வேண்டும்.

சம்பளம் உண்டா?

2023 ஜூன் வரை 'தன்னார்வப் பயிற்சியாளர்' என்றே ஒரு பதவி இருந்தது. மற்றவர்களைப் போலவே பயிற்சி கொடுப்பார், ஆனால் கல்லூரி சம்பளம் தராது. கோடைக்கால கேம்ப்களில் கிடைக்கும் பணத்தில் சமாளிக்க வேண்டும். முதல் பிரிவுக் கல்லூரிகளில் 2023 ஜூலை 1 முதல் அந்தப் பதவியே எடுக்கப்பட்டுவிட்டது. அதுவரை, வீட்டில் யாராவது செலவைப் பார்த்துக்கொள்ளும் வசதி இருந்தவர்களுக்குத்தான் இந்த வேலையில் நுழைவது சுலபமாக இருந்தது.

அந்த நாற்காலி எப்போது கிடைக்கும்?

அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே கோல்கீப்பராக ஆடிய லிசா செலூச்சி, தலைமைப் பயிற்சியாளர் ட்ரேசி க்ரீஸ்பாமின் கீழ் பத்து வருடத்துக்கும் மேல் வேலை பார்த்தார். 2014 ஆகஸ்ட்டில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருந்த நேரத்தில், க்ரீஸ்பாம் திடீரென நீக்கப்பட்டார். அணி செலூச்சியின் பொறுப்பில் விடப்பட்டது. சீசன் முடிந்ததும் பதவி நிரந்தரமானது.

வருடக்கணக்கில் காத்திருந்த பதவிதான். ஆனால், தன் சீனியர் வெளியேற்றப்பட்ட இடத்தில் போய் உட்கார வேண்டியிருந்தது. க்ரீஸ்பாமும் அவருடைய துணைவியும் அதே பல்கலைக்கழகத்தின் விளையாட்டு நிர்வாகியாக இருந்தவருமான ஜேன் மேயரும் தொடுத்த வழக்குகள், 2017-ல் 65 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தன.

செலூச்சிக்குக் கிடைத்ததும் எல்லோருக்கும் கிடைக்காது. புதிதாக வரும் தலைமைப் பயிற்சியாளர் தன் ஆட்களோடு வருவது சகஜம். அப்போது பழைய உதவியாளர், எவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தாலும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இனி என்ன?

2025-ல் வந்த நீதிமன்றச் சமரசத்தின்படி, முதல் பிரிவுக் கல்லூரிகள் தங்கள் வீரர், வீராங்கனைகளுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதல் வருட உச்சவரம்பு, ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடி டாலர். அதில் பெரும்பங்கு போவது அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும். இந்தத் திட்டத்தில் சேரும் கல்லூரிகளின் ஹாக்கி அணியில் 27 பேருக்கு மேல் இருக்க முடியாது.

டிக்கெட் விற்றுப் பெரிய லாபம் பார்க்காத ஆட்டம் ஹாக்கி. செலவைக் குறைக்க வேண்டும் என்று கல்லூரி நிர்வாகம் கணக்குப் போட உட்காரும்போது, முதலில் கண்ணில் படக்கூடியது உதவிப் பயிற்சியாளரின் சம்பளம். சம்பளமில்லாத தன்னார்வப் பதவி எடுக்கப்பட்டதே 2023-ல்தான்.