தென்னாப்பிரிக்கத் தீர்ப்பும் இந்தியாவின் மறுமொழியும்



இராசிபுரத்தை அடுத்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வரலாற்றுப் பாடத்தின் நடுவே எழுந்து நின்றாள். "அயல்நாட்டு அரசு ஒன்று ஒரு சமயத்தாரை ஒடுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்காக நம் நாடு என்ன செய்ய முடியும், ஐயா? படை அனுப்புவதா? வருந்துகிறோம் என்று கூறிவிட்டு வாளா இருப்பதா?" என்று கேட்டாள். பாடநூலில் இதற்கு விடை இல்லை. நானும் அன்று அரைகுறையாகவே விடை கூறினேன். மணி அடித்துவிட்டது என்பது ஒரு சாக்கு. உண்மையில் எனக்கே தெளிவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டியபோது, நம் தமிழ் மக்களே துன்புற்று, நம் சென்னை நகரிலேயே மறுமொழி கூறப்பெற்ற ஒரு நிகழ்ச்சி கண்ணிற் பட்டது. அதனையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

1860ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் 'டுரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்டது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கச் சென்ற நம் மக்கள் அதில் இருந்தனர். அடுத்த ஐம்பதாண்டுகளில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் அவ்வாறு சென்றனர். வடஆர்க்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களோடு நம் சேலம் மாவட்டமும் அதற்கு ஆள் தந்தது. வானம் பொய்த்த ஆண்டுகளில் இச்சமவெளியிலிருந்து புறப்பட்டவர்களிற் பலர் திரும்பவில்லை. அங்கேயே குடும்பமாயினர், கோயில் கட்டினர், தம் முறைப்படி மணம் செய்துகொண்டனர்.

அம்மணங்களின் மீதுதான் 1913ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள் இடி விழுந்தது. இந்தியாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண்மணி, கணவனோடு வாழத் தென்னாப்பிரிக்காவில் நுழைய இசைவு கேட்டார். கேப் மாநில உயர்நீதிமன்றத்து நீதிபதி சியர்ல் அதனை மறுத்தார். பலதார மணத்தை ஏற்கும் ஒரு சமயத்தின் முறைப்படி நடந்த திருமணம் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் திருமணமே அன்று என்பது தீர்ப்பு. கணவனுக்கு அவர் ஒருவரே மனைவியாயினும் அது பொருட்படுத்தப்படவில்லை.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். தாலி கட்டிய கணவனோடு முப்பதாண்டு வாழ்ந்த மூதாட்டியும் சட்டப்படி மனைவி அல்லள். அவள் பெற்ற மக்கள் முறையான வாரிசுகள் அல்லர். தாயகம் சென்று மீள்பவளைத் துறைமுகத்தில் ஓர் அதிகாரி தடுத்து நிறுத்தலாம். இந்து, முஸ்லிம், பார்சி ஆகிய எல்லாரும் இதில் அடங்கினர். சமயக் கொடுமை என்றவுடன் ஆலயத்தை இடிப்பதும் மனிதரைக் கொல்வதுமே நம் நினைவுக்கு வருகின்றன. எழுதுகோலினாலும் அதனைச் செய்யலாம். அந்நீதிபதி தீயவர் என்று கூற நான் துணியேன். இருந்த சட்டத்தைப் படித்து அவர் பொருள் கூறினார். சட்டத்தைத் திருத்த மறுத்த ஆட்சியாளரிடமே பெரும்பிழை இருந்தது. காந்தியடிகள் முறையிட்டார், மனம் நிறைவுறும் திருத்தம் வரவில்லை.

முன்னரே ஒரு புண் அங்கே இருந்தது. ஒப்பந்தம் முடிந்தும் தாயகம் திரும்பாதவர் தலைக்கு ஆண்டுதோறும் 3 பவுன் வரி செலுத்த வேண்டும் என்பது அது. இரண்டும் சேர்ந்து அவ்வாண்டு செப்டம்பரில் போராட்டமாக மூண்டன. அதுவரை வீட்டில் இருந்த பெண்கள் வெளியே வந்தனர். கஸ்தூரிபாய் சிறை புகுந்தார். டிரான்ஸ்வாலிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சுரங்கத் தொழிலாளரிடம் பேசி வேலைநிறுத்தத்தைத் தொடங்கி வைத்துத் தாமும் சிறைப்பட்டனர். நவம்பரில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் நேட்டாலின் எல்லையைக் கால்நடையாகக் கடந்தனர். தொழிலாளர் கசையால் அடிக்கப்படுகின்றனர் என்ற செய்தி இந்தியாவை எட்டியது. நம் சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜி அவர்களும் போராட்டத்திற்கு நிதி திரட்டி அனுப்பினார்.

இனி, இந்திய அரசு என்ன செய்ய இயலும்? தென்னாப்பிரிக்கா 1910 முதல் தன்னாட்சி பெற்ற ஒன்றியம். நம் அரசோ ஆங்கிலேயருடைய கையில். வைஸ்ராய் ஹார்டிஞ்சுப் பிரபு அந்நாட்டுக்குக் கட்டளையிட முடியாது. முறைப்படி அவர் இலண்டனில் உள்ள இந்திய அமைச்சருக்கு எழுத வேண்டும். அவர் குடியேற்ற நாடுகளின் அமைச்சரிடம் கூற வேண்டும். அங்கிருந்து தென்னாப்பிரிக்கத் தலைமை ஆளுநர்க்குச் செய்தி போக வேண்டும். அதற்குள் செய்தியின் சூடு ஆறிவிடும் அன்றோ?

ஆயினும் ஒரு பிடி நம்மிடம் இருந்தது. கோகலே அவர்களின் முயற்சியால் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு 1911 ஜூலை முதல் நிறுத்தியிருந்தது. கொடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்துவது அரசுறவில் ஓர் ஆயுதம். அது முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது. எஞ்சியது சொல் ஒன்றே.

அச்சொல்லை ஹார்டிஞ்சு 1913 நவம்பர் இறுதி வாரத்தில் சென்னையில் கூறினார். வரவேற்பிதழ்களுக்கு மறுமொழி கூறும் சடங்குப் பேச்சாகவே அது அமைந்திருக்கக்கூடும். அவரோ, நீதியற்ற சட்டங்களை எதிர்த்துத் துன்பத்தைத் தாமே ஏற்கும் அம்மக்களிடம் இந்தியா ஆழ்ந்த பரிவு கொண்டுள்ளது என்றார். தம் பரிவும் அவர்களுக்கே என்றார். கசையடி பற்றிய செய்திகளைச் சுட்டி, நாகரிகம் பேசும் எந்நாடும் இத்தகைய செயல்களைப் பொறுக்காது என்றார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது வெறும் சினப் பேச்சாய்ப் போயிருக்கும். நடுநிலையான ஒரு விசாரணைக் குழுவை அமைக்க வேண்டும்; அதில் இந்தியர் நலனுக்குரிய இடம் முழுமையாக இருக்க வேண்டும் என்று அடுத்துக் கேட்டார். மாணவர்களே, அரசுறவின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள் என்று கேட்டால் எந்த அரசும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உண்மையை ஆராய் என்று கேட்டால் மறுப்பது கடினம். மறுத்தால் உலகம் ஐயுறும்.

தென்னாப்பிரிக்க ஆட்சியாளர் கொதித்தனர். தம் உள்நாட்டுச் செயலில் வைஸ்ராய் தலையிடுவதா என்று முழங்கினர்; அவரைத் திரும்ப அழைத்துக்கொள்வது குறித்தும் பேச்சு எழுந்தது. ஆனால் அடுத்த மாதமே நீதிபதி சாலமன் தலைமையில் குழு அமைந்தது. காந்தியடிகள் விடுதலையானார். இந்தியா, சர் பெஞ்சமின் இராபர்ட்சன் என்ற அதிகாரியைத் தன் சார்பில் அங்கே அனுப்பியது. குழுவில் இந்தியர் ஒருவரும் இல்லை, இருவர் இந்தியருக்குப் பகைவர் என்று கூறிக் காந்தியடிகள் அதன்முன் சாட்சி சொல்ல மறுத்தார். அதே வேளையில் அமைச்சர் ஸ்மட்சோடு தனியே பேசிவந்தார். இவ்விரண்டும் ஒருங்கே நடந்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

1914ஆம் ஆண்டின் நடுவில் இந்தியர் துயர்தீர்ப்புச் சட்டம் நிறைவேறியது. 3 பவுன் வரி ஒழிந்தது. இந்திய சமயமுறைப்படி மணந்த ஒரு மனைவியைச் சட்டம் ஏற்றது. இந்திய சமயகுருமார் திருமணப் பதிவு அதிகாரிகளாக நியமனம் பெறவும் வழி பிறந்தது. சிறையில் நோயுற்றுப் பிப்ரவரி 22ஆம் நாள் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மை அதனைக் காணவில்லை. அவருக்கு வயது 16.

சென்னையில் பேசிய ஒரு பேச்சே இதனைச் சாதித்தது என்று நான் கூற மாட்டேன். சுரங்கத்திலும் கரும்புக்காட்டிலும் வேலை நிற்காமல் இருந்திருந்தால் அப்பேச்சு காற்றோடு போயிருக்கும். வேலை நின்றும் வெளியிலிருந்து ஒரு குரல் எழாதிருந்தால், அம்மக்களைச் சிறையிலேயே வாட்டியிருப்பர். இன்னொன்றையும் மறைக்கலாகாது. தென்னாப்பிரிக்காவின் அநீதியைக் கண்டித்த அவ்வரசு, இங்கே நம் இசைவின்றி நம்மை ஆண்ட அரசு. அம்மக்களைக் கப்பலேற்ற இசைவளித்ததும் அதுவே. எதிரிகள் இதனைச் சுட்டிக்காட்டாமல் இருப்பார்களா? பிறர் முற்றத்தைப் பற்றிப் பேசுவோனை, உன் முற்றம் எப்படி என்று உலகம் கேட்கவே செய்யும்.

அச்சட்டம் எல்லாவற்றையும் தீர்க்கவுமில்லை. நிலம் வாங்குவதிலும் வணிக உரிமம் பெறுவதிலும் இருந்த தடைகள் நீடித்தன, பின்னர் வளர்ந்தன. 1946இல் இந்தியா அந்நாட்டுடன் வணிகத்தையே முறித்துக்கொண்டு, வழக்கை ஐக்கிய நாடுகள் அவைக்கு எடுத்துச் சென்றது. விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் அங்கே வாதாடிய கதை நீளமானது. அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.