செம்பூராங்கல் சொல்லும் காற்றின் கதை

எங்கள் சாக்கோட்டைப் பகுதியில் நிலத்தைத் தோண்டினால் செம்பூராங்கல் தென்படும். அதன் செந்நிறம் இரும்புத் துரு. துரு உண்டாக ஆக்சிஜன் வேண்டும். ஆதி பூமியின் காற்றிலோ அது ஏறக்குறைய இல்லை. குறைந்தது 350 கோடி ஆண்டுகளுக்கு முன் உயிர் தோன்றியது அந்தக் காற்றின் கீழ்தான்.

பின்னர், ஊருணிகளில் இன்றும் படரும் நீலப்பசும்பாசியின் மூதாதைகள் சூரிய ஒளியால் நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியிட்டன. கடலில் கரைந்திருந்த இரும்பு முதலில் அதை உறிஞ்சித் துருவாகப் படிந்தது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன், எஞ்சியது காற்றில் சேரத் தொடங்கியது. பழைய உயிர்கள் பலவற்றுக்கு அது நஞ்சு, நமக்கு மூச்சு.

உயிர்களே காற்றை மாற்றவல்லவை என்பதே இதில் நான் காணும் பாடம். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பாசி அறியாமல் செய்தது. நாம் அறிந்தே செய்கிறோம்.